பச்சை என்றார் தட்சிணாமூர்த்தி

அந்த இஞ்சினைப் பார்த்தாலே தீபலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என்ன பாவம் செய்தது, தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. கோபமெல்லாம் அதைச் சுற்றி நின்று பேசுகிறவர்கள் மேல்தான். அவர்களைத் திட்ட வழியில்லாதபோது இரும்பைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

நெல்லித்தோப்பில் அவளுக்கும் அவள் கணவன் விமல்ராஜுக்கும் ஒரு பட்டறை. விழுந்து அடிபட்ட ஸ்கூட்டரோ கார் கதவோ எது வந்தாலும் அவன் ஒடுக்கு எடுப்பான், அவள் பெயின்ட் அடிப்பாள். வெயிலில் வெளுத்துப்போன பெட்ரோல் டேங்கில் ஒரு பக்கம் மட்டும் அவள் அடித்துக் கொடுத்தால், எந்தப் பக்கம் புதிது என்று வண்டிக்காரனே குனிந்து தேடுவான். நிறம் சேர்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பேர். அந்தப் பேர்தான் வினையாக வந்து வாய்த்தது.

விஜயராகவன் என்பவர் பட்டறையைத் தேடி வந்தார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் பழைய பொருட்களைக் காப்பாற்றுகிற ஒரு அமைப்புக்குச் செயலாளர். மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் வளாகத்தில் புதர் மண்டிக் கிடந்த சின்ன நீராவி இஞ்சினைத் தூக்கி வந்து அமைப்பின் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பருத்திப் பொதி வந்த வேகன்களை ஆலை கேட்டிலிருந்து குடோன் வரைக்கும் இழுத்துப் போன இஞ்சின். அதை ஓட்டப் போவதில்லை. ஆனால் பார்வைக்கு அது எழுபத்து நாலாம் வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு கோடு பிசகாமல் இருக்க வேண்டும் என்றார்.

எழுபத்து நாலு ஏன் என்றால், இஞ்சினுக்கு இருந்த ஒரே போட்டோ அந்த வருஷத்தது. கறுப்பு வெள்ளை. இஞ்சினின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டு, உலகமே தன் பின்னால்தான் வேகனாகக் கோத்து வருகிறது என்கிற மாதிரி ஒரு இளந்தாரி. அது தீபலட்சுமியின் அப்பா தட்சிணாமூர்த்தி. விஜயராகவன் அவளைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிரைவரின் மகளே பெயின்ட் அடிப்பது எவ்வளவு பொருத்தம் என்று அவர் உருகினார். அவளும் உச்சி குளிர்ந்து தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டின தலையைப் பிறகு எத்தனை முறை நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

வேலை தொடங்கினதும் ஊரே யோசனை சொல்ல வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து இஞ்சின்தானே, நீலம் வெள்ளை சிவப்பு மூன்றும் அடித்தால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள் என்று ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் வெகுநாள் கழித்து, ஏதோ ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்ததுதான் இது என்று விஜயராகவன் தொண்டை வறள விளக்குவார். கேட்டவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீலமாச்சும் அடிங்க" என்பார்.

பழைய ஆலைத் தொழிலாளிகள் இன்னும் மோசம். ஒருவர் சிவப்பு என்பார், இன்னொருவர் நீலம் என்று அடித்துப் பேசுவார், மூன்றாமவர் கறுப்பும் சிவப்பும் பட்டை பட்டையாக என்பார். பேச்சு முற்றி, எந்தச் சங்கம் எந்த வேலைநிறுத்தத்தில் யாரைக் காட்டிக் கொடுத்தது என்பதில் போய் நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. ஆயுத பூஜைக்கு இஞ்சினுக்குப் பெயின்ட் அடிப்பது அந்த ஆலையில் வழக்கம். அந்த வருஷம் தேர்தலில் எந்தச் சங்கம் ஜெயித்ததோ அதன் கொடி நிறத்தில் அடிப்பார்கள். அவரவர் நினைவில் அவரவர் ஜெயித்த வருஷம் நிற்கிறது. ஆனால் இதெல்லாம் பிற்பாடு வந்த கூத்து. இஞ்சின் வந்த புதிதில், எழுபத்து நாலில், அதன் மேல் என்ன நிறம் இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அதை ஓட்டினவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விஜயராகவன் அவரை ஒரு நாள் தோட்டத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு, நாலு பேருக்கு முன்னால் கேட்டார். தட்சிணாமூர்த்தி இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொதிகலன் மேல் கை வைத்தார். பிறகு பச்சை என்றார். எப்படிப்பட்ட பச்சை என்று கேட்டதற்கு, நல்ல பச்சை என்றார்.

தீபலட்சுமி வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து எடுத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். ஒரே இடத்தில் உள்ளங்கையளவு, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால் அடுக்கடுக்காக அடித்த பெயின்டெல்லாம் குளத்துப் படிக்கட்டு மாதிரி வரிசையாகத் தெரியும். மேலே வெள்ளி. அதன் கீழே கறுப்பு, நீலம், சிவப்பு, மறுபடி நீலம். எல்லாவற்றுக்கும் அடியில் அரக்கு நிறம், நன்றாக வார்னிஷ் ஏற்றின அழுத்தமான அரக்குச் சிவப்பு. அதன் கீழே, துரு ஏறாமலிருக்க அடிக்கிற ரெட் ஆக்ஸைடு. அப்புறம் இரும்பு.

பச்சை இல்லை. புகைபோக்கி அடியில் தேய்த்தாள், இல்லை. டிரைவர் நிற்கிற கூண்டுக்குள் தேய்த்தாள். சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தேய்த்தாள். வெயிலே படாத நம்பர் தகட்டைக் கழற்றி அதன் பின்னாலும் பார்த்தாள். எங்கேயும் அடிநிறம் அரக்குதான். விஜயராகவன் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்து, துள்ளிக் குதிக்காத குறையாகச் சந்தோஷப்பட்டார். பிறகு அவர் முகம் வாடியது. அப்பா பச்சை என்று சொன்னாரே என்றார்.

அப்பாவிடம் அவள் சொன்னாள். நேரே சொன்னாள், சுற்றி வளைத்தும் சொன்னாள், அம்மா முத்தம்மாளை விட்டும் சொல்ல வைத்தாள். மனிதர் பிடித்த பிடியில் நின்றார்.

"நீ தேய்ச்ச தேய்ப்புல பச்ச போயிருக்கும்" என்றார்.

ஒவ்வொரு அடுக்காக இருக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் எப்படிப் போகும் என்று கேட்டால், ஓட்டினவன் நானா நீயா என்பார். போட்டோவைக் காட்டினால் அது கறுப்பு வெள்ளை என்பார், ஏதோ அவள்தான் வண்ணத்தில் எடுக்காமல் விட்டுவிட்ட மாதிரி. இதற்குள் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. என் இஞ்சினுக்குப் பச்சை அடிக்கிறார்கள், விழாவில் திரை விலக்கப் போகிறவன் நான்தான் என்று அவரே பரப்பினார். விழா அழைப்பிதழிலும் பேர் வந்துவிட்டது. இப்போது அரக்கு அடித்தால், தான் ஓட்டின இஞ்சினின் நிறம் தெரியாதவன் என்று அத்தனை பேர் முன்னால் ஆகிவிடும். பச்சை அடித்தால் வேலை பொய். யார் முகத்தில் கரி பூசுவது என்பதுதான் கேள்வி, அதற்கு டப்பாவும் பிரஷும் அவள் கையில் கொடுக்கப்பட்டிருந்தன.

ஏற்கெனவே அவருக்கு வீட்டில் ஒரு கெட்ட பேர் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ரயில்வேயில் டிரைவர் வேலைக்கு ஆர்டர் வரைக்கும் வந்து, ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று உதறித் தள்ளினவர் என்று. அம்மாவின் அண்ணன் தம்பிகள் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் அதைச் சொல்லிக் காட்டாமல் இலையை மூடமாட்டார்கள். திமிர் பிடித்தவன், கையில் வந்த ரயில்வேயை விட்டுவிட்டு ஆலையில் பொம்மை ரயில் ஓட்டினவன். அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

கடைசியில் தீபலட்சுமி பொறுமை இழந்தாள். இரண்டு தகரத் துண்டுகளை வெட்டி, ஒன்றில் பச்சையும் ஒன்றில் அரக்கும் அடித்துக் காயவைத்து, வேலை முடிந்து போகிற வழியில் அப்பா வீட்டுக்கு எடுத்துப் போனாள். எதிரில் வைத்து, கையால் தொட்டு, எது என்று சொல்ல வைத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டில் அம்மாவாசையும் உட்கார்ந்திருந்தார். ஆலை கேட்டில் கொடி காட்டினவர், அப்பாவுக்கு அந்த நாளிலிருந்து கூட்டாளி, அவளுக்குச் சித்தப்பா முறை. உள்ளே அம்மா வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். தக்காளி வாங்கி வரச் சொன்னால் எல்லாம் காயாக வாங்கி வந்திருக்கிறார், கட்டிக்கொண்ட நாளாக இந்த மனுஷனுக்கு ஒரு பழம் பொறுக்கத் தெரியவில்லை என்று. காயாக இருந்தால் நாலு நாள் தாங்கும் என்று அப்பாவும் வழக்கமான பதிலைச் சொன்னார்.

தீபலட்சுமி தகரங்களை அவர் மடியில் வைத்தாள். உன் இஞ்சின் இதில் எது மாதிரி இருந்தது, கையை வைத்துக் காட்டு என்றாள். அவர் கண்ணாடி எங்கே என்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. விளக்கு வெளிச்சம் பற்றவில்லை என்றார். அவள் எழுந்து இன்னொரு விளக்கையும் போட்டாள். அவர் இரண்டு தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் தூக்கி வாசல் பக்கம் எறிந்தார்.

"பெத்த அப்பனயே டெஸ்டு வைக்கிறியா நீ?"

அவள் தகரங்களைப் பொறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இந்த வயதில் இவ்வளவு வீம்பு உள்ள மனிதரைப் பெற்ற தகப்பனாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அழுகையும் ஆத்திரமும் முட்டியது. ஸ்கூட்டரை எடுக்கப் போனவளை அம்மாவாசை பின்னாலேயே வந்து நிறுத்தினார்.

"அவனுக்கு செவப்பும் பச்சயும் தெரியாது, பாப்பா" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான் அவன் கண்ணுக்கு. பொறந்ததுலேர்ந்தே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் குரலைத் தணித்து விவரமாகச் சொன்னார். ரயில்வே வேலையை அப்பா உதறவில்லை. மெடிக்கலில் புள்ளி புள்ளியாகப் போட்ட புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் கொடுக்கிற இடத்தில் கண்ணில் கோளாறு என்று சொல்ல முடியாமல், தானே வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் சொல்லிவைத்தார். ஆலையில் அப்படிச் சோதனை எதுவும் இல்லை. கேட்டுக்கு வெளியே ரயில்வே இஞ்சின் பார்த்துக்கொள்ளும், உள்ளே இவர் இஞ்சின், எதிரில் கொடியோடு அம்மாவாசை.

"சேந்த ரெண்டாம் நாளே எங்கிட்ட வந்து சொல்லிட்டான். கொடிய நெறத்துல காட்டாத, கையில காட்டுடான்னான். பச்சன்னா தலைக்கு மேல தூக்குவேன். செவப்புன்னா கேட்டு போட்ட மாதிரி குறுக்க நீட்டுவேன். ஸ்டேஷன்காரனுங்க பாத்துட்டு சிரிப்பானுங்க, ரயில்வேல இப்பிடி இல்லடான்னு. எங்க மில்லுல இப்பிடித்தான்னு சொல்லிடுவேன். கடேசி வரைக்கும் ஒரு சின்ன இடிகூட இல்ல."

பிறகு ஏன் பச்சை என்று சொல்ல வேண்டும், தெரியாது என்று சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று அவள் கேட்டாள்.

"நாலு பேரு முன்னால கேட்டுட்டாங்க. எதயாச்சும் சொல்லணுமில்ல. அன்னிக்கி நான் பக்கத்துல இல்லாம பூட்டேன். அவன் பச்சன்னு சொன்ன பெறகு நான் போயி செவப்புன்னு எப்பிடி சொல்றது" என்றார் அம்மாவாசை.

தீபலட்சுமி ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்றாள். அம்மா ஆயுசு பூராவும் திட்டின தக்காளி ஞாபகத்துக்கு வந்தது. பட்டறைக்கு வந்தால் அவள் அடித்து வைத்த எந்த வண்டியையும் பார்த்து, பளபளப்பாக இருக்கிறது என்பாரே தவிர, நிறம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. அதற்காக அவள் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மாமன்மார் சொன்ன திமிரை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டாரே, அதை நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. பாவமாக இருந்தது. அதே அளவுக்குக் கோபமாகவும் இருந்தது. பெற்ற மகள் ஊருக்கெல்லாம் நிறம் சேர்க்கிறவள், அவளிடம் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்.

மறுநாள் அவள் நிஜமாகவே பச்சை கலந்தாள். விஜயராகவனிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், ஒரு கிழவர் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். ஸ்ப்ரே கன்னில் ஊற்றி, கம்ப்ரஸரையும் போட்டாயிற்று. இஞ்சின் முன்னால் நின்றபோது கூண்டின் ஜன்னல் கண்ணில் பட்டது, போட்டோவில் அவர் முழங்கை ஊன்றியிருந்த இடம். அங்கே அவள் தேய்த்த தேய்ப்பில் பழைய அரக்கு வெளியே வந்து நின்றது. அவர் ஓட்டினது இதைத்தான். இதன் மேல் பச்சையை அடித்தால் பிறகு இது வேறு எவனோ ஓட்டின இஞ்சின். கன்னில் இருந்ததை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, தன்னையும் அப்பாவையும் விஜயராகவனையும் சேர்த்து வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அரக்கைக் கலக்க உட்கார்ந்தாள்.

அம்மாவாசையிடம் மட்டும் சொன்னாள். விழா அன்றைக்கு எதிரில் நின்றுகொள்கிறேன் என்றார் அவர். என்ன காட்டுவீர்கள் என்று கேட்டாள். பச்சை என்று கையைத் தூக்கிவிட்டால் அப்பா சந்தோஷமாகப் போய்விடுவார் என்ற நப்பாசை அவளுக்கு இருந்தது.

"இருக்கறததான் காட்டுவேன்" என்றார் அவர். "அவனுக்கு நான் ஒரு நாளும் பொய்க்கொடி காட்டுனதில்ல."

இவரும் அப்படி ஒரு ஆள். இந்த ஆலை வேறு எதை உற்பத்தி செய்ததோ, பிடிவாதத்தை மட்டும் பொதி பொதியாக உற்பத்தி செய்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடித்தாயிற்று, வந்து பார் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், பச்சை என்று அத்தனை தரம் சொன்ன பிறகு. வரமாட்டேன் என்று விழா நாள் காலை வரைக்கும் உயிரை வாங்கினார். பிறகு அம்மா தேய்த்து வைத்த சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தோட்டத்தில் நல்ல கூட்டம். ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், சங்கத்துக்கு ஒரு பக்கமாக. விஜயராகவன் மூன்று மொழியில் பேசினார், மூன்றிலும் நீளமாக. பிறகு தட்சிணாமூர்த்தி கயிற்றை இழுத்தார். துணி சரிந்தது. அரக்கு நிறத்தில், மஞ்சள் கோடு போட்டு, கறுத்த புகைபோக்கியோடு இஞ்சின் வெயிலில் மின்னியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பச்சை என்றார்களே என்று யாரோ சொல்வது தீபலட்சுமி காதில் விழுந்தது.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கி, கூட்டத்தைப் பார்த்தார். எதிரில் அம்மாவாசை நின்றிருந்தார். அவர் வலது கை கேட் போட்ட மாதிரி குறுக்கே நீண்டிருந்தது.

தட்சிணாமூர்த்தி நின்றார். வாய் பாதி திறந்தபடி, பிரேக் பிடித்த மாதிரி அப்படியே நின்றார். நீட்டின கை இறங்கவில்லை.

"பச்சன்னு சொன்னேன்" என்றார் அவர் மெதுவாக. தொண்டையைச் செருமினார். "அது சும்மா. எம் பொண்ணுக்குத் தொழிலு தெரியுதான்னு பாக்கத்தான் சொன்னேன். நான் பச்சன்னு சாதிச்சும் அவ செவப்புதான்னு நின்னா பாருங்க. இதான் என் இஞ்சினு."

கூட்டம் கைதட்டியது. விஜயராகவன் கண் கலங்கிப்போய், எப்பேர்ப்பட்ட மனிதர் உங்கள் அப்பா என்று தீபலட்சுமியிடம் வந்து சொன்னார். ஆலைக்காரர்கள், அப்பவே தெரியும் எங்களுக்கு, தட்சிணாமூர்த்தி குறும்புக்காரன் ஆயிற்றே என்றார்கள். இத்தனை நாள் அவளைத் தலைகீழாக நிற்க வைத்துவிட்டு, மாலையையும் வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். வாட்டர் பேப்பரால் அவர் மீசையை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் ஸ்கூட்டரில் திரும்புகிற வழியில், அப்பா மணிக்கூண்டு மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அம்மா தக்காளி கேட்டிருந்தாளாம். கடையில் குவியல் முன்னால் குனிந்து, விழாவில் பேசின பெருமை இன்னும் வடியாமல், நன்றாக அழுத்திப் பார்த்து ஒரு காயை எடுத்தார்.

தீபலட்சுமி எதிர்ப் பக்கம் போய் நின்றாள். நில் என்று வலது கையைக் குறுக்கே நீட்டினாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அவள் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காயைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டார். கை நீண்டே இருந்தது. அதற்கு அடுத்ததாகப் பழுத்த ஒன்றைத் தொட்டபோது, போகலாம் என்று அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பை நிறைந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கொஞ்ச தூரம் போனதும், பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்.

"கைய இன்னும் கொஞ்சம் நேரா நீட்டணும். அம்மாவாச நீட்டுவான் பாரு, அப்பிடி."